மிஷின் ஓடும்போது கூப்பிடாதீர்கள்

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. அறுநூறு வார்த்தைக் கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது.

வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியை போன் செய்து, "வீட்டுல ரவுட்டரைப் பாதுகாப்பா பயன்படுத்துறது எப்படின்னு ஒரு கட்டுரை வேணும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார். நானும் சளைக்காமல், கடவுச்சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லவே கூடாது என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "அந்த ரவுட்டர் இல்லைங்க. மரவேலை ரவுட்டர்" என்றார்.

உங்களிலும் பாதிப் பேர் இணையப் பெட்டியைத்தான் நினைத்திருப்பீர்கள். இது வேறு. இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் மோட்டார், அடியில் ஒரு தட்டு. தட்டின் ஓட்டை வழியாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை விரல் அளவு வெட்டு முனை. அதைப் பிட் என்கிறார்கள். நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் சுற்றும். பலகையின் கூர் விளிம்பை வழவழவென்று உருட்டும், பள்ளம் போடும், பூவேலை செய்யும். சத்தம் மட்டும் சொல்லி மாளாது.

எனக்குத் தெரிந்து அப்படியொரு மிஷின் வைத்திருந்த ஒரே ஆள் அத்தான். அக்காவின் கணவர்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். வெளிவந்தும்விட்டது. அதில் ஒன்பது விதிகள் இருக்கின்றன. பத்தாவதாக ஒன்று இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் அதை நானே அடித்துவிட்டேன். இந்தக் கதை அந்தப் பத்தாவதைப் பற்றியது.

2

எங்கே தொடங்குவது என்று மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

முதல் ஆரம்பம்: "காலை வெயில் அந்த அறையின் மரத்தூளில் தங்கமாக—" வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது ஆரம்பம்: "அவர் கைகள் நடுங்க ஆரம்பித்து ஏழு மாதம்—" இதுவும் இங்கே வரக் கூடாது. அவசரப்பட்டுவிட்டேன். படித்தும் படிக்காத மாதிரி இருந்துவிடுங்கள். அக்காவும் அப்படித்தான் கொஞ்ச காலம் இருந்தாளாம்.

மூன்றாவது: சனிக்கிழமை காலை பத்தரைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். இது நடந்தது. நடந்ததிலேயே தொடங்கிவிடுகிறேன்.

அத்தானுக்குப் பல் செட் செய்யும் வேலை. பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து இவர் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கி, பக்கத்துப் பல்லின் மஞ்சளுக்கு ஏற்ற மாதிரி நிறம் கொடுத்து அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் சிரிப்பு என் கைவண்ணம்தான் என்பது அவர் வழக்கமான வேடிக்கை. வீட்டில் அதிகம் பேச மாட்டார். அக்காவும் பேச மாட்டாள். அவள் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறாள். நம்பரையும் பெயரையும் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உள்ளே அனுப்பும் வேலை. நாள் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்தால் புருஷனைக்கூடக் கூப்பிட மாட்டாள். சாப்பாடு தயார் என்றால் தட்டை மேஜையில் ஓசையுடன் வைப்பாள். அவர் வந்துவிடுவார். சண்டையெல்லாம் கிடையாது. இருபத்தாறு வருடத்தில் பேச்சு தேய்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

சமையலறை அலமாரிக்கு ஆறு கதவு செய்து தருகிறேன் என்று அவர் சொல்லி நாலு வருடம். அந்த வருடம்தான் மிஷினை வாங்கினார். மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகு அவளுடைய அறை மரவேலை அறையாகிவிட்டது. படிப்பு மேஜை இருந்த இடத்தில் கனமான வேலை மேஜை. சுவரில் அவள் சிறு வயதில் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர்கள் மட்டும் மிச்சம்.

"வாங்க எழுத்தாளரம்மா" என்றார் அத்தான். "முதல்ல அந்தத் துப்பட்டாவைக் கழட்டி வெளிய வெச்சுட்டு வாங்க."

அதுதான் முதல் விதி. தொங்குகிற எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மற்றவற்றையும் அவர் செய்துகொண்டே சொன்னார். பலகையைக் கையால் பிடிக்கக் கூடாது. இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு மேஜையோடு இறுக்க வேண்டும். பிட்டை மாற்றும்போது பிளக் வெளியே இருக்க வேண்டும். சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தால் போதாது. ஒரே தடவையில் ஆழமாக வெட்டக் கூடாது. மூன்று தடவையில் கொஞ்சம் கொஞ்சமாக. கண்ணாடி, முகமூடி, காதுக்கவசம்.

"அப்புறம் இந்தப் பொத்தான்." கைப்பிடியில் இருந்த விசையை அழுத்திக் காட்டினார். பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். "இதை அமுக்கிட்டா விரல எடுத்தாலும் ஓடிக்கிட்டே இருக்கும். பூட்டு. வசதிதான். ஆனா பூட்டு போட்ட நிலையில கரண்ட் போய்ட்டு வந்தா, நீங்க சும்மா நிக்கும்போதே அது கிளம்பிடும். அதனால பிளக் சொருகுறதுக்கு முன்னாடி தினமும் இதைப் பாக்கணும். தினமும்."

"எந்தப் பக்கம் நகர்த்தணும் அத்தான்?"

"நம்மள நோக்கி இருக்கிற விளிம்புன்னா, இடமிருந்து வலம். அது சுத்துறதுக்கு எதிரா. எதிர்த்துப் போனா நம்ம பேச்சைக் கேக்கும். அது சுத்துற போக்குலயே போனோம்னா நம்மளையும் இழுத்துக்கிட்டு ஓடிடும்."

எழுதிக்கொண்டேன். ஒன்பது ஆயிற்று. கிளம்பலாம் என்று எழுந்தபோது அவர், "இன்னொண்ணு இருக்கு" என்றார்.

"சொல்லுங்க."

"மிஷின் ஓடும்போது யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. முதல்ல சுவிட்ச அணைக்கணும். பிட் முழுசா நிக்குற வரைக்கும் மிஷினைக் கையில பிடிச்சிருக்கணும். கீழ வெச்சு, கவசத்தக் கழட்டி, அப்புறம்தான் திரும்பணும். உங்க அக்கா கூப்பிட்டாலும் சரி."

"அக்கா கூப்பிடவா போறா?" என்று சிரித்தேன்.

"நல்லா கேட்டீங்க போங்க. மிஷின ஓட்டினா போதும், கூப்பிட ஆரம்பிச்சுடுவா. இப்பகூட, நீங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தரம் கூப்பிட்டா."

சனிக்கிழமை அக்காவுக்கு அரை நாள் வேலை. காலை எட்டு மணிக்கே ஆஸ்பத்திரியில் இருப்பாள். மதியம் ஒன்றரைக்குத்தான் வருவாள். அத்தானுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

3

மதியம் அக்கா வந்ததும் சமையலறையில் வைத்துக் கேட்டேன்.

"நான் எதுக்கு அவரைக் கூப்பிடப் போறேன்?" என்றாள். கை கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடவே இல்லை. "ஒரு நாளைக்கு முந்நூறு பேரக் கூப்பிடறேன். வீட்டுக்கு வந்தும் அதே வேலையா?"

"உன் குரல்லதான் கூப்பிடுதாம்."

"என்ன சொல்லி?"

"'ஏங்க'ன்னு."

அக்கா குழாயை மூடினாள். "நான் அப்படிக் கூப்பிட்டு ரொம்ப வருஷமாச்சுடி" என்றாள்.

(இந்த இடத்தில் கட்டுரையாளர் குறுக்கிடுகிறாள். ஒரே சீராக இரையும் சத்தத்துக்குள் காது தானாகவே சொற்களைத் தேடும். குளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்த மாதிரி இருந்து, ஓடி வந்து பார்த்தால் போன் சும்மா கிடக்கும். உங்களுக்கும் நடந்திருக்கும். கவசம் மாட்டிய காதுக்கு வெளியே இருக்கும் சத்தம் மழுங்கிவிடும். மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்ளும். மூளை எதை வைத்து நிரப்பும்? இருபத்தாறு வருடம் பழகிய குரலை வைத்து.)

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எனக்கும் என் விளக்கம் பிடித்திருந்தது. விளக்கம் பிடித்துப்போனால் கதை செத்துவிடும். அன்று சாயங்காலம் இதைக் கதையாக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள்.

4

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இனி வருவதை நான் பார்க்கவில்லை. அக்கா சொன்னது. என் முதல் படியில் அத்தானைப் பொய் சொல்கிற மனிதராக எழுதியிருந்தேன். வேறு பெண் ஒருத்தியோடு போனில் பேசுகிறார், மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் குரல் கேட்டதாகக் கதை விடுகிறார் என்று. கதைக்கு அது வசதி. அந்தப் பக்கங்களை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன்.

"இது யாரு?" என்றாள்.

"அத்தான்."

"இவரை எனக்குத் தெரியாது. கிழிச்சுப் போடு."

கிழித்துவிட்டேன். அவள் சொன்னபடியே இப்போது எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. அத்தானும் வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. காலை பத்து மணி இருக்கும். அறைக் கதவு சாத்தியிருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்ன விளக்கம் மனதில் இருந்ததால், ஒரு ஆர்வத்தில், போய்க் கதவில் காதை வைத்தாள்.

அத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

முணுமுணுப்பு அல்ல, நல்ல பேச்சு. நடு நடுவே நிறுத்தி, அடுத்தவர் சொல்வதைக் கேட்டு, பதில் சொல்லும் பேச்சு. "அப்படியா?" என்றார். "அது சரி. நீ சொன்னா சரி." சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாளாம். கணக்கு வரவில்லை.

(இருபதாயிரம் சுற்றுச் சத்தத்தில், கதவுக்கு வெளியே, பேச்சு எப்படிக் கேட்கும்? நானும் கேட்டேன். "கவசம் மாட்டிக்கிட்டா நாம கத்துறது நமக்கே தெரியாதுடி. அவரு தொண்டை கிழியப் பேசிக்கிட்டிருந்தாரு" என்றாள் அக்கா. இந்தக் கேள்விக்கு இவ்வளவு சட்டென்று பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.)

பிறகு அவர் சொன்னது இது. அக்கா வார்த்தை மாறாமல் சொன்னாள், நானும் மாற்றவில்லை.

"கை நடுங்குதும்மா. ஏழு மாசமாச்சு. ரெண்டு செட்டு கோணலாப் போயி திரும்பி வந்துடுச்சு. இப்ப என்னை வெறும் பிளாஸ்டர் மாவு கரைச்சு அச்சுல ஊத்தச் சொல்லிட்டாங்க. சின்னப் பசங்க செய்யுற வேலை. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கதவுக்கு இந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லத் தெரியவில்லை என்பதை அவர் அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நடுங்கும் கையில் அந்த மிஷினைப் பிடித்துக்கொண்டு.

5

அக்கா கதவைத் திறந்தாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, மூன்றாவது கதவின் விளிம்பை உருட்டிக்கொண்டிருந்தார். மரத்தூள் பறந்தது. அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க."

சத்தம் போதவில்லை. ஆஸ்பத்திரியில் கூப்பிடும் குரலை எடுத்து இன்னொரு தரம் கூப்பிட்டாள். "ஏங்க!"

அத்தான் திரும்பவில்லை. விதிப்படி திரும்பக் கூடாது, சரி. ஆனால் தலையை லேசாகச் சாய்த்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"கொஞ்சம் இரும்மா. வாசல்ல யாரோ வந்திருக்காங்க போல."

அந்தச் சுவரில் நட்சத்திர ஸ்டிக்கர்களைத் தவிர ஒன்றுமில்லை.

அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை. "நான் யாரோவாயிட்டேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

அவள் மேஜையின் ஓரத்தில் இருந்த மின்பலகையிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மிஷின் சத்தம் இறங்கி, முனகி, அடங்கியது. அவர் அசையாமல், பிட் முழுசாக நிற்கும்வரை இரண்டு கையாலும் மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கவாட்டில் சாய்த்து மேஜைமேல் வைத்தார். கவசத்தைக் கழற்றினார். திரும்பினார். கையில் பிளக்கோடு அவள் நிற்பதைப் பார்த்தார்.

"கரண்ட் போயிடுச்சா?"

"யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"உன்கிட்டதான்." அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நீதானே கூப்பிட்ட?"

"நான் இப்பதான் வந்தேன்."

"என்னம்மா விளையாடுற? இவ்வளவு நேரம் எல்லாத்தையும் சொல்லிட்டேனே. விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்னு சொன்னியே."

அக்கா நான் கொடுத்த விளக்கத்தை எடுத்து அவரிடம் சொன்னாள். சத்தம், காது, மூளை எல்லாம். அவர் கழற்றிய கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்ததாம். சத்தத்தில் குரல் கேட்பது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று தெரிந்தால் யாருக்குத்தான் நிம்மதி வராது? "அப்ப அந்தப் பெரியவர் விஷயமும் நானா நினைச்சுக்கிட்டதுதானா?" என்றார்.

"எந்தப் பெரியவர்?"

"அதான், உங்க ஆஸ்பத்திரியில. நாற்பத்தேழாம் நம்பர். நாலு தரம் கூப்பிட்டும் எந்திரிக்கலைன்னு நீ கோவமாக் கிட்டப் போனியே. உக்காந்தபடியே போயிருந்தாரே. அதுக்கப்புறம்தான் உனக்கு யாரைக் கூப்பிடவும் பயமாயிடுச்சுன்னு... சொன்னியேம்மா. அழுதியே."

6

அடிக்குறிப்பாகப் போட வேண்டியதை நடுவில் போடுகிறேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

நாற்பத்தேழாம் நம்பர் பெரியவர் உண்மை. மூன்று வருடத்துக்கு முன்னால், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்தவர், நாற்காலியிலேயே இதயம் நின்று போய்விட்டார். யார் தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் தோளைத் தொட்டவள் அக்கா. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை.

அத்தானுக்கு எப்படித் தெரிந்தது? வழிகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி ஆள் யாராவது சொல்லியிருக்கலாம். அக்கா தூக்கத்தில் பேசியிருக்கலாம். அவர் அதைக் கேட்டு, மறந்து, மறந்தது சத்தத்துக்குள் திரும்பி வந்திருக்கலாம். நான் விசாரித்திருக்க முடியும். விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இது மறுபடியும் கட்டுரையாகியிருக்கும்.

உண்மையான காரணம் அது இல்லை. (அடைப்புக்குறிக்குள்ளாவது உண்மை பேசலாம் என்று பார்க்கிறேன்: விசாரித்து, யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?)

மறுநாள் வெள்ளிக்கிழமை. கட்டுரையை அனுப்பும்போது பத்தாவது விதியைப் பார்த்தேன். "மிஷின் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப வேண்டாம்." நல்ல விதி, விரலைக் காப்பாற்றும் விதி. ஆனால் அதைப் படித்துவிட்டு யாராவது காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தால்? அடித்துவிட்டேன்.

7

அந்த வியாழக்கிழமைக் கலவரத்தில் ஒன்று நடந்துபோனது. வழக்கமாக அத்தான் முதலில் சுவிட்சை அணைப்பார். அன்று கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மிஷினை அப்படியே வைத்துவிட்டார். பூட்டுக் குமிழ் அமுங்கியபடியே இருந்தது. அடுத்த மூன்று நாள் இருவரும் அந்த அறைப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை காலை அத்தான் வேலைக்குப் போனார், மாவு கரைக்க. அக்காவும் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். பையை மேஜைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

ஏன் போனாய் என்று கேட்டேன்.

"அவருக்குக் கேக்குது. என் குரல்தானே அது? எனக்குக் கேக்கக் கூடாதா?" என்றாள். பிறகு, "நான் அவர்கிட்ட பேசாததை எல்லாம் அது பேசியிருக்கு. இன்னும் என்னென்ன சொல்லியிருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள்.

காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். கண்ணாடி மாட்டவில்லை. ஆஸ்பத்திரி மேல்கோட்டின் அகலமான கைகளை மடக்கவில்லை. மிஷின் சாய்ந்தபடியே கிடந்தது. இடது கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் பிளக்கைச் சொருகினாள்.

மிஷின் துள்ளியது. எதையும் அமுக்காமல், எந்த விசையையும் தொடாமல், சொருகிய கணமே உயிர் வந்த மாதிரி துள்ளி அவள் கைக்குள் புகுந்தது. கோட்டின் கை பிட்டில் சிக்கிச் சுருண்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்டு போனது. அவள் கத்தினாள், கவசத்துக்குள் அவள் கத்தல் அவளுக்கே கேட்கவில்லை. மிஷின் மேஜை விளிம்பைத் தாண்டி விழுந்தது. விழுந்த வேகத்தில் பிளக் தானாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதனால்தான் கை இருக்கிறது.

பதினாலு தையல். நரம்புக்கு ஒன்றுமில்லை.

"கேட்டுச்சா?" என்று நான் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவளிடம் கேட்கிற முதல் கேள்வியா இது? கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் கேக்கல" என்றாள் அக்கா. "வெறும் மிஷின் சத்தம்." அவள் முகத்தில் இருந்தது ஏமாற்றம். அதை எப்படி எழுதினாலும் வேறு எதுவாகவோ மாறிவிடுகிறது. ஏமாற்றம்தான். அப்படியே விட்டுவிடுகிறேன்.

அத்தான் ஓடி வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். அவர் கை நடுங்கியது. அவள் பார்த்தாள். மறைக்க அவருக்கு வழியில்லை.

"டீ கிளாச ரெண்டு கையாலப் பிடிக்க ஆரம்பிச்சப்பவே தெரியும்" என்றாள் அக்கா. "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"நீயும் அந்தப் பெரியவரைப் பத்திச் சொல்லல."

"சொல்லல."

"இனிமே சொல்லிடலாம்" என்றார் அத்தான்.

நான் வெளியே வந்துவிட்டேன். பிறகு அவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதவில்லை.

8

இங்கே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. இரண்டு பேர் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியைக்கு இதைத்தான் பிடிக்கும்.

இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அத்தானை நரம்பு மருத்துவரிடம் காட்டுகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார், நடுக்கம் பாதி குறைகிறது, மிஷினைத் தொடக் கூடாது என்கிறார். குரல் கேட்பதும் அதே கோளாறுதான் என்று சொல்லிவிடுகிறார். எல்லாம் ஒரே முடிச்சில் அவிழ்கிறது. இதில் மாத்திரை, நடுக்கம், மிஷினைத் தொடாதே என்பது வரைக்கும் நடந்தது. கடைசி வரியை மருத்துவர் சொல்லவில்லை. குரலைப் பற்றி அவரிடம் யாருமே சொல்லவில்லை. நான் கேட்டபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவதாக ஒரு முடிவு, மிஷினைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்று. எழுதி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"எதுக்குத் தூக்கிப் போடணும்? மூணு கதவு பாக்கி இருக்கு" என்றாள்.

"அத்தான் தொடக் கூடாதே."

"நான் செய்யறேன்."

செய்தாள். தையல் பிரித்து ஒன்றரை மாதம் ஆனதும் அத்தான் சொல்லிக்கொடுத்தார். கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "கிளாம்ப்பை இறுக்கு... குமிழைப் பாத்தியா... இப்ப பிளக்... இடமிருந்து வலம், அவசரப்படாத" என்று ஒவ்வொன்றாக. இறுக்கமான முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூசி முகமூடி, கவசம். நாலாவது கதவின் விளிம்பு கொஞ்சம் அலை அலையாக வந்தது. ஐந்தாவது, கடையில் வாங்கினது மாதிரி வந்தது. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. தட்டை ஓசையுடன் வைப்பது நின்றுபோனது. அவள் "ஏங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவதை நானே கேட்டேன்.

9

போன சனிக்கிழமை. அக்கா இப்போது சனிக்கிழமைகளில் விடுப்பு எடுத்துவிடுகிறாள். நான் போகும்போது பதினொரு மணி. மிஷின் சத்தம் தெருவரை கேட்டது. ஆறாவது கதவு, கடைசிக் கதவு. அத்தானின் ஸ்டூல் காலியாக இருந்தது. அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி பலகையில் மெதுவாக, சீராக விழுந்தது.

நான் நேராக அறை வாசலுக்குப் போனேன். அக்கா முதுகைக் காட்டி நின்றாள். நிற்கிற விதம், பிடிக்கிற விதம் எல்லாம் சரியாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

தூசி முகமூடி அசைந்துகொண்டிருந்தது. மூச்சு விடுவதால் அல்ல. மூச்சென்றால் ஒரே சீராக உள்ளே போய் வெளியே வரும். இது நிற்கிறது, துடிக்கிறது, நிற்கிறது, நீள்கிறது. பேசுகிற வாயின் அசைவு. நடுவில் நிறுத்தி, தலையை ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் சாய்த்து, கேட்டாள். தலையாட்டினாள். மறுபடி முகமூடி அசைந்தது.

அவள் கத்திப் பேசவில்லை. அவரைப் போல் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் பேசியிருக்க வேண்டும். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை.

"அக்கா" என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட—

(இந்த வாக்கியத்தை ஒன்பது விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன். கூப்பிட்டேன், அவள் திரும்பவில்லை. கூப்பிட்டேன், திரும்பிவிட்டாள், அதுதான் வினையாகிவிட்டது. கூப்பிட்டேன், யாரோ வந்திருக்காங்க என்றாள். எதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் நான் கூப்பிடவே இல்லை. பயந்துவிட்டேன்.)

சமையலறைக்குப் போனேன். அத்தான் நிமிர்ந்து பார்த்தார். வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர் நின்றது. கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, மிஷின் இன்னும் ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, கூச்சத்தோடு, குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார்:

"அவ என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

எந்த அவள் என்று நான் கேட்கவில்லை. அக்காவைத்தான் கேட்கிறார் என்றால் ஒரு பதில் உண்டு. மிஷின் சத்தத்துக்குள் கேட்ட அந்தக் குரலை என்றால், இத்தனை மாதமாக அவர் யாருடைய நினைப்பில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்?

இரண்டு பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் இங்கே போடப் போவதில்லை. இதுவரை படித்த உங்களுக்கு அவரை என் அளவுக்குத் தெரியும், அக்காவையும் தெரியும். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் நிற்கிறார். மிஷின் சத்தம் இறங்க ஆரம்பித்துவிட்டது. அது முழுசாக நிற்பதற்குள் அவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

சொல்லுங்கள்.